வண்டி இறங்கும் முன்

தானாக ஓடும் நீர்மூழ்கி வண்டியைக் கடலில் இறக்கி, கடலடியை அளந்து வருவது என் தொழில். இதைச் சொன்னவுடன், "மேலே இருந்து ரிமோட்டில் ஓட்டுவீர்களா?" என்றுதான் பெரும்பாலானவர்கள் கேட்பார்கள். ஓட்டுவதில்லை. கடல்நீருக்குள் ரேடியோ அலை வெகுதூரம் போகாது, ஜிபிஎஸ் கிடைக்காது. கப்பலுக்கும் வண்டிக்கும் நடுவே போய்வர ஒலி ஒன்றால்தான் முடியும். அது நீரில் நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். மூன்று கிலோமீட்டர் கீழே இருக்கும் வண்டியிடம் ஒன்றைக் கேட்டுப் பதில் வாங்க நான்கு நொடி ஆகும். வரும் பதிலும் சில எண்கள்தான்: இருக்கும் இடம், ஆழம், பேட்டரியில் மிச்சம். அது எடுக்கும் படங்களை வண்டி மேலே வந்த பிறகே பார்க்கலாம். ஆகவே, என்ன செய்ய வேண்டும் என்பதை வண்டி கப்பலின் மேல்தளத்தில் இருக்கும்போதே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அப்படி எழுதுவதை மிஷன் பிளான் என்கிறோம்.

மிஷன் கோப்பைத் திறந்தால் பார்ப்பதற்கு எளிமையாக இருக்கும். கடல் வரைபடத்தில் ஒரு நீள்சதுரம். அதற்குள், உழவர் சால் ஓட்டுவதுபோல ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போய்த் திரும்பும் இணைகோடுகள். பக்கத்தில் ஆழம், உயரம், வேகம், சோனார் வீச்சு என்று நிரப்ப வேண்டிய கட்டங்கள். புதிதாக வருகிறவர் அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் நிரப்பிவிடலாம். ஆனால் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு கேள்வி இருக்கிறது: கடல் நீ நினைத்தபடி இல்லாவிட்டால் வண்டி என்ன செய்ய வேண்டும்? வண்டி இறங்கிய பிறகு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை. கோடு வரைவதைச் சில நாட்களில் கற்றுவிடலாம். நினைத்தது நடக்காதபோது வண்டி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று முன்கூட்டியே யோசித்து எழுதுவதுதான் இந்தத் தொழிலின் உயிர். பல கடல்களில் வேலை பார்த்தபின் நான் உறுதியாக நம்புவது இதைத்தான்.

மின்னணுவியல் படித்துவிட்டு, கரையோர சர்வே படகுகளில் எதிரொலிமானி இயக்கும் வேலையில் சேர்ந்தேன். அங்கிருந்துதான் இந்த வண்டிகளுக்கு வந்தேன். அப்போதைய எங்கள் பார்ட்டி சீஃப், அதாவது சர்வே குழுவின் தலைவர், எனக்குக் கொடுத்த முதல் வேலை இன்னும் நினைவிருக்கிறது. பழைய மிஷன் கோப்பு ஒன்றை அச்செடுத்துத் தந்து, "ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அது ஏன் அந்த எண் என்று எழுதிக்கொண்டு வா" என்றார். உயரம் 10 மீட்டர் என்றால் ஏன் 8 இல்லை, ஏன் 15 இல்லை? திரும்பும் வளைவின் ஆரம் ஏன் அவ்வளவு? பல எண்களுக்கு என்னால் காரணம் எழுத முடிந்தது. எழுத முடியாத ஒவ்வொன்றுக்கும் அவர் என்னை யாராவது ஒருவரிடம் அனுப்பினார்: பேட்டரி பார்ப்பவரிடம், சோனார் பதிவைப் படிப்பவரிடம், கிரேன் இயக்குபவரிடம், கப்பலின் கேப்டனிடம். ஒரு மிஷன் கோப்பில் எத்தனை பேருடைய அறிவு சேர்ந்திருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.

கோப்பைத் தொடும் முன் இடத்தைப் படிக்க வேண்டும். பழைய ஆழ வரைபடங்கள், மூழ்கிய கப்பல்கள், கேபிள்கள், எண்ணெய்க் குழாய்கள், கிணற்றுத் தலைகள், மீன்பிடி இடங்கள் எல்லாவற்றையும் ஒரே திரையில் கொண்டுவர வேண்டும். இங்கே முதலில் சரிபார்க்க வேண்டியது ஆயத்தொலைவுகள் எழுதப்பட்ட முறை. 15 பாகை 30 கலை என்பதும் 15.30 பாகை என்பதும் வேறு வேறு. 30 கலை என்பது அரைப் பாகை. ஆகவே முதலாவது 15.50 பாகை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 12 கடல் மைல், அதாவது 22 கிலோமீட்டருக்கும் மேல். ஒருவர் பாகை, கலையிலும் இன்னொருவர் தசமத்திலும் எழுதினால் வண்டி வேறொரு கடலில் போய் வேலை செய்யும். நேரமும் அப்படித்தான். கப்பலில் எல்லாக் கடிகாரங்களும் உலகப் பொதுநேரத்தில் இருக்க வேண்டும். இரண்டு கருவிகளுக்கு நடுவே ஒரு நொடி பிசகினாலும், நொடிக்கு ஒன்றரை மீட்டர் போகும் வண்டியில் படம் ஒன்றரை மீட்டர் தள்ளி விழும்.

அடுத்து வருவது ஆழமா உயரமா என்ற தேர்வு. நீர்மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் கீழே ஓடு என்று சொல்லலாம். கடலடியிலிருந்து இத்தனை மீட்டர் மேலே ஓடு என்றும் சொல்லலாம். முதல் வகையில் வண்டி நேர்மட்டமாக ஓடும், பதிவு சீராக இருக்கும். ஆனால் எதிரே தரை ஏறினால், வேறு காவல் எதுவும் எழுதப்படாதவரை, வண்டி நேரே போய் மோதும். இரண்டாவது வகையில் வண்டி தரையின் மேடு பள்ளத்தைப் பின்தொடரும். சோனாருக்கு அது நல்லது. ஆனால் தரை செங்குத்தாக எழும் இடத்தில் வண்டி மூக்கைத் தூக்கி ஏற நேரம் வேண்டும். தனக்குக் கீழே இருக்கும் தூரத்தை மட்டும் அளந்துகொண்டு போகிற வண்டிக்கு எதிரே வரும் சுவர் தெரியாது. முன்னோக்கிப் பார்க்கும் சோனார் இருந்தாலும், அது எத்தனை மீட்டரில் தடையைக் கண்டால் எவ்வளவு செங்குத்தாக ஏறலாம் என்பதை நாம்தான் எழுதுகிறோம்.

கிருஷ்ணா–கோதாவரி படுகையில் வேலை பார்த்தபோது இந்தத் தேர்வின் முழு எடையையும் உணர்ந்தேன். அங்கே கண்டத்திட்டு முடிந்ததும் தரை விரைவாக இறங்கிவிடும். சரிவில் ஓடைகளும் பிளவுகளும் வெட்டிக் கிடக்கும். அந்தச் சரிவை நோக்கி ஏறும் கோடுகளை நாங்கள் போடவில்லை. சம ஆழக் கோடுகளுக்கு இணையாகக் கோடுகளைத் திருப்பி வைத்தோம். வண்டி சரிவின் குறுக்கே, கிட்டத்தட்ட ஒரே ஆழத்தில் போய் வரும். ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்கு மாறும்போது மட்டும் ஆழம் மாறும். தவிர்க்க முடியாமல் ஏற வேண்டிய குறுக்குக் கோடுகளுக்கு உயரத்தைக் கூட்டி, அவற்றைத் தனி மிஷனாகப் பிரித்தோம். வரைபடத்தில் கோடுகள் எந்தத் திசையில் இருக்கின்றன என்பதைப் பார்த்தே அதை வரைந்தவர் தரையைப் படித்தாரா இல்லையா என்று சொல்லிவிடலாம்.

உயரத்தைத் தீர்மானிப்பதில் சோனாருக்கும் பங்கு உண்டு. பக்கவாட்டுச் சோனாரில் பொதுவான விதி, வண்டியின் உயரம் சோனார் வீச்சில் பத்து முதல் இருபது விழுக்காடு இருக்க வேண்டும் என்பது. பக்கத்துக்கு 75 மீட்டர் வீச்சு வைத்தால் உயரம் ஏழரை மீட்டர் முதல் 15 மீட்டர் வரை. அதற்கு மேலே போனால் தரையில் கிடக்கும் பொருளின் நிழல் குறுகிவிடும். கல்லையும் இரும்பு உருளையையும் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் அந்த நிழல்தான். மிகத் தாழ்ந்தால் சின்ன மேடுகூட அதற்கு அப்பால் இருப்பதை மறைத்துவிடும். வண்டிக்கு நேர் கீழே பக்கவாட்டுச் சோனார் நன்றாகப் பார்க்காது. அங்கே ஒரு பட்டை குருடாகவே இருக்கும். அதனால் 75 மீட்டர் வீச்சுக்குக் கோடுகளின் இடைவெளியை 60 மீட்டர் வைத்தால், ஒரு கோட்டின் குருட்டுப் பட்டையைப் பக்கத்துக் கோடு பார்த்துவிடும். உள்ளே இருக்கும் இடமெல்லாம் குறைந்தது ஒரு முறையாவது தெளிவாகப் பதியும்.

வேகத்தைப் பற்றி எங்களுக்கும் வேலை கொடுத்தவரின் பிரதிநிதிக்கும் பேச்சு வராத திட்டமே கிடையாது. கப்பலின் ஒரு நாள் வாடகை பெரிய தொகை. ஆகவே, "மூன்று நாட் (மணிக்கு மூன்று கடல் மைல்) வேகத்தில் போவதை நான்கு நாட்டாக்க முடியாதா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நான் தாளை எடுத்துக் கணக்கைப் போட்டுக் காட்டுவேன். 75 மீட்டர் வீச்சுக்கு ஒலி போய்த் திரும்ப ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு வேண்டும். நொடிக்குப் பத்து முறைதான் சோனார் தட்ட முடியும். மூன்று நாட்டில் வண்டி நொடிக்கு ஏறக்குறைய 1.54 மீட்டர் போகும், தட்டுக்குத் தட்டு 15 சென்டிமீட்டர். நான்கு நாட்டில் அது 20 சென்டிமீட்டரைத் தாண்டும். அரை மீட்டர் நீளமுள்ள பொருள்மேல் மூன்று தட்டு விழ வேண்டிய இடத்தில் இரண்டுதான் விழும். இரண்டு புள்ளியை வைத்து அது என்ன என்று சொல்ல முடியாது. மின்சாரக் கணக்கு வேறு இருக்கிறது. நீரின் எதிர்ப்பைத் தள்ளத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயரும். மூன்றிலிருந்து நான்கு நாட்டுக்குப் போனால் அது இரு மடங்கைத் தாண்டிவிடும். பேட்டரி சீக்கிரம் தீரும், வண்டி சீக்கிரம் மேலே வரும், மறுபடி இறக்க மறுபடி நேரம். கணக்கைப் பார்த்தபின் பெரும்பாலானவர்கள் மூன்று நாட்டுக்கே கையெழுத்துப் போடுவார்கள். அகலமான குழாய்ப் பாதையின் பொதுவான தோற்றம் மட்டும் போதும் என்றால் நான்கு நாட்டுக்கு நானே சம்மதிப்பேன். எதைத் தேடுகிறோம் என்பதுதான் வேகத்தைத் தீர்மானிக்க வேண்டும்.

நீரோட்டமும் இதே கணக்கில் வந்து நிற்கும். நொடிக்கு ஒன்றரை மீட்டர் போகும் வண்டிக்கு அரை மீட்டர் நீரோட்டம் சின்ன விஷயம் இல்லை. எதிர்த்துப் போகும்போது தரைமேல் வேகம் ஒரு மீட்டர், கூடப் போகும்போது இரண்டு மீட்டர். போகையில் இழந்ததை வருகையில் எடுத்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் ஒரு கிலோமீட்டர் கோட்டில் போய் வர, நீரோட்டம் இல்லாவிட்டால் 22 நிமிடம். இருந்தால் 25 நிமிடம். கோடுகள் கூடக்கூட இந்த வித்தியாசம் பேட்டரியின் இருப்பைத் தின்றுவிடும். நீரோட்டம் குறுக்கே வந்தால் வண்டி கோட்டில் நிற்பதற்காக இருபது பாகைக்கு நெருக்கமாக உடலைத் திருப்பிக்கொண்டு நண்டு நடையாகப் போகும். சோனார் படமும் சாய்ந்து விழும். தமிழகக் கிழக்குக் கரையில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை கரையோர நீரோட்டம் வடக்கே ஓடும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை தெற்கே ஓடும். மார்ச்சில் எழுதிய கோப்பை நவம்பரில் அப்படியே இறக்கக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

வண்டி தன் இடத்தைத் தானே கணக்கிட்டுக்கொள்கிறது. திசையையும் முடுக்கத்தையும் அளக்கும் கருவி ஒன்று. தரையை நோக்கி நான்கு ஒலிக்கற்றைகளை அனுப்பி, திரும்பும் ஒலியின் டாப்ளர் மாற்றத்தை வைத்துத் தரைமேல் வேகத்தைச் சொல்லும் கருவி இன்னொன்று. இவை இரண்டும் சேர்ந்து நன்றாக வேலை செய்தால் பிழை ஓடிய தூரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில் நிற்கும், பத்து கிலோமீட்டருக்குப் பத்து மீட்டர். ஆனால் திசையில் ஒரு பாகை பிசகு இருந்தால் ஒரே கிலோமீட்டரில் 17 மீட்டர் பக்கவாட்டில் விலகிவிடும். டாப்ளர் கருவிக்குத் தரை எட்டவும் வேண்டும். 300 கிலோஹெர்ட்ஸ் கருவிக்குச் சுமார் 200 மீட்டர் வரைதான் எட்டும். ஆயிரம் மீட்டர் கடலில் வண்டி இறங்கும்போது முதல் 800 மீட்டருக்கு அதன் காலுக்குத் தரை தெரியாது. அந்த இடைவெளியில் கப்பல் வண்டிக்கு மேலேயே நின்று, ஒலியால் அதன் இடத்தை அளந்து அனுப்பிக்கொண்டிருக்க வேண்டும். இதையும் மிஷனில் எழுத வேண்டும்: தரை கிடைக்கும் வரை வட்டமாகச் சுற்றி இறங்கு, இடத்தை உறுதிசெய்த பிறகே முதல் கோட்டில் ஏறு. கோடுகள் முடிந்ததும் எல்லாவற்றையும் வெட்டிக்கொண்டு ஒரு குறுக்குக் கோடு ஓடச் சொல்வேன். ஒரே இடத்தை இரண்டு திசையில் பார்த்த பதிவுகள் பொருந்தினால் அந்த சர்வேயை நம்பலாம்.

திரையில் தெரியாத ஓர் அமைப்பும் உண்டு, அது மிதப்பு. எல்லாம் செயலிழந்தாலும் தானாக மேலே வர வேண்டும் என்பதற்காக வண்டியைக் கொஞ்சம் மிதக்கும்படி எடை சரிசெய்வோம். அந்தக் கொஞ்ச மிதப்பு நீரின் அடர்த்தியைப் பொறுத்தது. கடல்நீரின் அடர்த்தி ஒரு கனமீட்டருக்கு 1,025 கிலோ என்று வைத்து எடை சரிசெய்துவிட்டு, மழைக்காலம் முடியும் நேரத்தில் கோதாவரி முகத்துவாரத்துக்கு வெளியே போனால் மேல்நீரில் நன்னீர் கலந்திருக்கும். அது 1,015 ஆகக் குறைந்திருந்தால், 40 லிட்டர் கொள்ளளவுள்ள சின்ன வண்டி 400 கிராம் மிதப்பை இழக்கும். மிதப்பே அரைக் கிலோதான் வைத்திருந்தோம் என்றால் வண்டி மேலே வந்தும் வராததுமாய் நீருக்குள் கிட்டத்தட்ட முழுவதும் அமிழ்ந்து நிற்கும். ஆண்டெனா நீருக்கு மேலே வராவிட்டால் செயற்கைக்கோளுக்குச் செய்தி போகாது. அதனால் நாங்கள் அங்கே வேலைக்குப் போனபோது முதலில் உப்பு, வெப்பம், ஆழம் அளக்கும் கருவியை இறக்கி நீரை அளந்தோம். பிறகு வண்டியிலிருந்து ஈயக் கட்டிகளை எடுத்து எடையைக் குறைத்தோம். துறைமுகத்தில் சரியாக மிதந்தது என்பதை வைத்து எந்தக் கடலையும் முடிவுசெய்யக் கூடாது.

கடலைப் பற்றி நான் கற்றவற்றில் பாதி, பாதுகாப்புப் படகு ஓட்டும் மீனவர்களிடம் கற்றது. கடலூருக்கும் நாகைக்கும் இடையே கரையோர சர்வே ஒன்றில், பாதுகாப்புப் படகின் பெரியவரிடம் வரைபடத்தை விரித்து வண்டி எங்கே எப்போது மேலே வரும் என்று காட்டினேன். அவர் உடனே தலையை ஆட்டினார்.

"இந்த இடத்துல ராத்திரி எங்க ஆளுங்க வலைய விட்டுட்டு அதோடவே மிதந்துக்கிட்டுக் கெடப்பாங்க தம்பி. ஒரு சின்ன வெளக்குதான் அடையாளம். உங்க வண்டி அந்நேரம் மேல வந்தா வலைக்குள்ளதான் வரும்."

"எத்தனை மணிக்கு வலைய எடுப்பாங்கண்ணே?"

"விடியறதுக்குள்ள இழுத்துருவாங்க. வெயில் ஏறினப்புறம் வரட்டும். இன்னொண்ணு, மேல ஒரு ஓட்டம் இருக்கும், கீழ ஒரு ஓட்டம் இருக்கும். மேல பாத்ததை வெச்சுக் கீழ கணக்குப் போடாதீங்க."

அன்றைக்கே மிஷனின் தொடக்க நேரத்தைத் தள்ளி, மேலே வரும் இடத்தையும் மாற்றினேன். வண்டிக்கு மட்டுமான கணக்கு இல்லை இது. ஒரு வலை கிழிந்தால் ஒரு குடும்பத்தின் பிழைப்பில் பெரிய ஓட்டை விழும். மீன்பிடிப்பவர்களிடம் கேட்காமல் கரையோரத்தில் மிஷன் எழுதுவது தொழில் நேர்மைக்கும் பொருந்தாது.

இனி, இந்தத் தொழிலின் உயிர் என்று நான் சொன்ன பகுதி. எந்த நிலையில் வண்டி வேலையை நிறுத்த வேண்டும், நிறுத்திவிட்டு என்ன செய்ய வேண்டும்? அதிகபட்ச ஆழம், குறைந்தபட்ச உயரம், பேட்டரியின் கடைசி இருப்பு, மிஷனுக்கான மொத்த நேரம், தாண்டக் கூடாத எல்லை, உள்ளே நீர்க்கசிவு, டாப்ளர் கருவி தரையை இழப்பது, கப்பலிடமிருந்து செய்தி வராமல் போவது என ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணும் ஒரு செயலும் எழுத வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே செயல் எழுதுவது சோம்பேறித்தனம். கேமரா நின்றுபோனால் ஆழ அளவையை நிறுத்த வேண்டியதில்லை, குறித்துவைத்துவிட்டுத் தொடரலாம். சில நொடிகள் தரை தெரியாவிட்டால் பொறுக்கலாம். தொடர்ந்து தெரியாவிட்டால் கோட்டை விட்டுப் பாதுகாப்பான இடத்துக்குப் போய்க் காத்திருக்கலாம். உள்ளே நீர் புகுந்தால் மட்டும் ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் எடைக்கட்டியைக் கழற்றிவிட்டு மேலே வர வேண்டும். எண்ணை இறுக்கமாக வைத்தால் வண்டி தேவையில்லாமல் மேலே மேலே வந்துகொண்டிருக்கும், தளர்த்தினால் வராமலே போகும். நடுவில் சரியான இடத்தைக் கண்டுபிடிக்கத் தரையையும் வண்டியையும் சேர்த்து அறிந்திருக்க வேண்டும். எங்கே மேலே வர வேண்டும் என்பதும் முக்கியம். கப்பலுக்கு நேர் கீழேயோ, எண்ணெய் மேடையைச் சுற்றியுள்ள 500 மீட்டர் பாதுகாப்பு வளையத்துக்குள்ளோ, சரக்குக் கப்பல்களின் பாதையிலோ அந்த இடம் இருக்கக் கூடாது.

எப்போது நிறுத்த வேண்டும் என்று முன்பே எழுதிவைப்பதன் மதிப்புக்கு உலகறிந்த சான்று 2014இல் கிடைத்தது. காணாமல் போன மலேசிய விமானம் எம்.எச்.370ஐத் தேடி, ஏப்ரல் 14 அன்று ஓஷன் ஷீல்ட் கப்பலிலிருந்து புளூஃபின்-21 வண்டியை இந்தியப் பெருங்கடலில் இறக்கினார்கள். அதன் ஆழ வரம்பு 4,500 மீட்டர். கடலடி அதைவிட ஆழமாக இருந்தது. வரம்பைத் தாண்டியதும், முன்பே எழுதப்பட்ட பாதுகாப்பு விதிப்படி வண்டி வேலையை நிறுத்திவிட்டுச் சுமார் ஆறு மணி நேரத்தில் மேலே வந்தது. உலகமே காத்திருந்த நேரத்தில் முதல் முயற்சி பாதியில் நின்றது எல்லோருக்கும் ஏமாற்றம். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கோ அது ஒரு பாடமாக நின்றது. அந்த ஒரு வரி அங்கே எழுதப்படாமல் இருந்திருந்தால் வண்டியையே இழந்திருக்கக்கூடும். பத்திரமாக வந்த அதே வண்டி, பிறகு சுமார் 850 சதுர கிலோமீட்டர் கடலடியைத் தேடி முடித்தது. விமானம் அங்கே இல்லை. ஆனாலும் அங்கே இல்லை என்பதை உறுதியாகச் சொல்ல முடிந்தது.

மேலே வா என்பதுகூட எல்லாக் கடலுக்கும் பொருந்தாது. பிரிட்டனின் ஆட்டோசப்-2, 2005 பிப்ரவரியில் அண்டார்டிகாவின் ஃபிம்புல் பனித்தட்டுக்கு அடியில் போய் அங்கேயே தங்கிவிட்டது. 2019இல் வெடல் கடலில், துருவப் பயணி ஷாக்கிள்டனின் மூழ்கிய என்டுரன்ஸ் கப்பலைத் தேடப் போன ஹியூகின் வகை வண்டியும் பனிக்கடியில் தொலைந்தது. தலைக்கு மேல் பனி மூடியிருக்கும்போது மேலே வருவது தப்பிக்கும் வழி ஆகாது. அங்கே வந்த வழியே திறந்த நீருக்குத் திரும்பு என்றுதான் எழுத வேண்டும், அதற்கான பேட்டரியை ஒதுக்கியும் வைக்க வேண்டும். 2022 மார்ச்சில் 3,008 மீட்டர் ஆழத்தில் என்டுரன்ஸ் கண்டுபிடிக்கப்பட்டபோது அவர்கள் கொண்டுபோனது வேறு வகை வண்டி. அது தானாகவும் ஓடும், மெல்லிய ஒளியிழை வழியாகக் கப்பலுடனும் பேசும். முந்தைய இழப்பிலிருந்து பாடம் கற்றவர்களின் தேர்வு அது.

ஒரு மிஷனுக்கு ஒரே நோக்கம் இருக்க வேண்டும் என்பதற்கு ஏர் பிரான்ஸ் 447இன் தேடலைச் சொல்வேன். 2009 ஜூன் 1 அன்று அட்லான்டிக்கில் விழுந்த அந்த விமானத்தை, 2011 ஏப்ரலில், ஏறக்குறைய 3,900 மீட்டர் ஆழத்தில் ரீமஸ் 6000 வகை வண்டிகள் கண்டுபிடித்தன. முதலில் பக்கவாட்டுச் சோனாரில் பரந்த வீச்சுடன் தேடினார்கள். சந்தேகத்துக்குரிய இடம் பதிந்ததும், கேமராவுடன் அங்கே மறுபடி இறக்கிப் படமெடுத்து உறுதிசெய்தார்கள். சோனாருக்கு ஏற்ற உயரத்தில் கேமராவுக்கு எதுவும் தெரியாது. கேமராவுக்கு ஏற்ற உயரத்தில் சோனார் கொஞ்ச இடத்தைத்தான் பார்க்கும். இரண்டையும் ஒரே ஓட்டத்தில் முடிக்க ஆசைப்பட்டால் இரண்டும் அரைகுறையாகும்.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். மிஷனை எழுதியவர் அதைச் சரிபார்க்கக் கூடாது. இன்னொருவர் ஒவ்வொரு வரியையும் உரக்கப் படிப்பார், எழுதியவர் காகித வரைபடத்தில் விரல் வைத்து அந்த இடத்தைக் காட்டுவார். பிறகு கணினியில் முழு ஓட்டத்தையும் ஓட்டிப் பார்ப்போம். அதில் வேண்டுமென்றே கோளாறுகளை நுழைப்போம்: பாதியில் பேட்டரி குறைந்தால்? திரும்பும் இடத்தில் தரை தெரியாமல் போனால்? எழுதிவைத்த செயல் நாங்கள் நினைத்தபடி நடக்கிறதா? இரவு இரண்டு மணிக்கு, தூக்கம் கண்ணைச் சுழற்றும்போதும், கேப்டன் காற்று எழும் முன் இறக்கச் சொல்லி அவசரப்படுத்தும்போதும் இந்த வழக்கத்தை நாங்கள் விட்டதில்லை. வண்டி மேலே வந்ததும் சோனார் படத்தைப் பார்க்கத்தான் எல்லோருக்கும் ஆவல். நான் முதலில் வண்டியின் நாட்குறிப்பைத் திறப்பேன். சொன்ன உயரத்துக்கும் ஓடிய உயரத்துக்கும் எவ்வளவு வித்தியாசம், எந்த எச்சரிக்கை எத்தனை முறை எழுந்து அடங்கியது, பேட்டரி எதிர்பார்த்த இடத்தில் நிற்கிறதா என்று பார்ப்பேன். அடுத்த மிஷனுக்கான எண்கள் அங்கிருந்துதான் வர வேண்டும்.

இந்தத் தொழில் இப்போது நம் இளைஞர்களுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம், ஓஎம்இ-6000 என்ற வண்டியை 2022 டிசம்பரில் சாகர் நிதி கப்பலிலிருந்து மத்திய இந்தியப் பெருங்கடலில் இறக்கி, 5,271 மீட்டர் ஆழத்தில் கனிம முடிச்சுகள் கிடக்கும் பரப்பை ஆய்வு செய்தது. கோவாவில் உள்ள தேசியக் கடலியல் கழகம் மாயா என்ற சிறிய வண்டியை உள்நாட்டிலேயே உருவாக்கியது. ஆழ்கடலுக்கு இந்தியா போகப் போக, இந்த வண்டிகளுக்கு மிஷன் எழுதத் தெரிந்தவர்கள் நிறையத் தேவைப்படுவார்கள். கல்லூரிகளில் நிரல் எழுதக் கற்றுக்கொடுக்கிறார்கள், நல்லது. அத்தோடு மாணவர்களை ஒரு முறையாவது கடலுக்கு அழைத்துப் போய், நீரை அளக்கவும் மீனவரிடம் பேசவும் பழக்க வேண்டும்.

இந்த வேலைக்கு வரும் தம்பி, தங்கைகளிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். போன திட்டத்தின் கோப்பை நகலெடுத்துப் பெயரை மட்டும் மாற்றாதீர்கள். ஒவ்வொரு எண்ணையும் இந்தக் கடலுக்காக, இந்தப் பருவத்துக்காக, இந்த வண்டிக்காகப் புதிதாக யோசியுங்கள். எந்த எண்ணுக்கு உங்களால் காரணம் சொல்ல முடியவில்லையோ, அந்த எண்ணோடு வண்டியை இறக்காதீர்கள்.